ஓடை நின்ற செய்தி

என்னிடம் இளஞ்சிவப்புத் தாள் ஒன்று இருக்கிறது. கரித்தாள் வைத்து எடுத்த மூன்றாம் படி அது. எழுத்துகள் நீலப் புகைபோலத் தேய்ந்துவிட்டன. அபுதாபியை அடுத்த முசஃபாவில், எண்பதுகளின் நடுப்பகுதியில், தொழிலாளர் வருகையைக் குறிக்கும் நேரக் காப்பாளனாக நான் வேலை பார்த்த நிறுவனத்தின் அவசர விடுப்புப் படிவம். எழுத்து என்னுடையது. கீழே வலமிருந்து இடமாக ஓடும் கையொப்பம், எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவருடையது. அவரைப் பற்றி எழுதுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், இந்தத் தாளில் இருப்பவற்றையும், என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்துத் தட்டச்சரிடம் பின்னாளில் நான் கேட்டு உறுதிப்படுத்தியவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன். ஊகத்தால் நிரப்பியிருந்தால் இந்தக் குறிப்பு இன்னும் சுவையாக இருந்திருக்கும். ஆனால் சரிபாராத ஒன்றை ஒரு முறை உறுதியான வாக்கியமாக எழுதி, அதன் கீழே இன்னொரு மனிதரின் கையொப்பத்தை வாங்கியவன் நான். மறுமுறை அதைச் செய்ய விருப்பமில்லை.

ஓட்டுநர் பாகிஸ்தானின் வடகோடியிலிருந்து வந்தவர். அகன்ற தோள், சாம்பல் கண், நாற்பதைத் தாண்டிய வயது. எல்லாரும் அவரைப் பாய் என்று அழைத்தோம். தமிழர்கள் நிறைந்த கேம்ப்பில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததில் இந்தியும் தமிழும் கலந்த ஒரு பேச்சு அவருக்குக் கைவந்திருந்தது. முதலில் கற்ற தமிழ் வசைச்சொற்கள். அவற்றைப் பொருள் தெரியாமல் அவர் வாயால் சொல்ல வைத்துச் சிரிப்பது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பொழுதுபோக்கு. பொருள் தெரிந்த பின்னும் அவர் சொல்லிக் காட்டினார். நாங்கள் சிரிப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று அப்போது நினைத்தேன். என்னை அவர் மாஸ்டர் என்று அழைத்தார். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. புவியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு நிலப்படத் தொகுப்பைச் சுமந்து வந்திருந்தேன். சாந்து குழைப்பவர்களுக்கும் இரும்பு பற்றவைப்பவர்களுக்கும் நடுவில் அந்தப் புத்தகம்தான் நான் வேறு வகை ஆள் என்பதற்குச் சான்று. யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் அதைப் படத்தில் தேடிக் காட்டுவேன். இல்லையென்றால், இல்லையென்று தீர்ப்பும் சொல்வேன்.

அவர் ஊரை அப்படித்தான் இல்லையென்று சொன்னேன். அவரது விரல், மலைகள் பழுப்பாக நெருங்கும் ஒரு மூலையில், எல்லையைக் குறிக்கும் சிவப்புக் கோட்டின் மேல் போய் நின்றது. "இங்க மாஸ்டர். மேல பெரிய ஜீல். கீழ என் ஊர்." ஜீல் என்றால் ஏரி. அங்கே ஏரி எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. "கோட்டுக்கு அடியில இருக்கு, மாஸ்டர். இந்த லைன் ரொம்ப மோட்டா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இம்முறை அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அந்தப் படத்தின் அளவைப்படி அச்சுக்கோட்டின் தடிமன் சில மைல்களை மறைக்கக்கூடியது என்பதை நான் அறிவேன். அறிந்தும், "படத்தில் இல்லாத ஏரியில் குளிக்க முடியாது பாய்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். சிரிப்பு மீண்டும் அவர் பக்கம் திரும்பியது.

அந்த ஏரியின் அமைப்பை அவர் பல நாள்களில் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கேட்ட அளவில் அது இப்படி. பெரும் பள்ளத்தாக்கு ஒன்று வடக்கிலிருந்து இறங்குகிறது. அதற்குப் பக்கவாட்டில் ஒரு பனியாறு மலையிடுக்கிலிருந்து ஊர்ந்து வந்து, கதவைச் சாத்தியதுபோலப் பள்ளத்தாக்கின் குறுக்கே படுத்துவிடுகிறது. அந்தப் பனிச்சுவருக்குப் பின்னால் நீர் தேங்குவதே ஏரி. கோடையில் அரிசி கழுவிய நீரின் நிறம். குளிர் தொடங்குமுன் சில நாள் மட்டும் நீலம். பனிப்பாளங்கள் அதில் எருமைகள்போல மிதக்கும். சுவரின் அடியில் பனிக்குள்ளேயே ஒரு குகைவழி உண்டு. அதன் வழியே வெளியேறும் நீர்தான் அவர் ஊரின் ஓடை. வழி திறந்திருக்கும்வரை அச்சமில்லை. சில கோடைகளில் பனி நகர்ந்து வழியை அடைத்துவிடும். அப்போது ஓடை வற்றும், ஏரி ஏறும். ஏறிய நீர் ஒரு நாள் சுவரையே தூக்கும். ஆகவே அவர்கள் ஊரில் ஒருவர் முறைவைத்துக் கோடை முழுவதும் மேலே போய் உட்கார்ந்து நீர்மட்டம் பார்ப்பார். ஆபத்தென்றால் முகட்டில் தீ மூட்டுவார். ஏரிக்கு அப்பால் எல்லை. படைவீரர்கள் காவல்நிலை அமைத்த பிறகு மேலே போகவும் தடை, தீ மூட்டவும் தடை. எனவே ஏரியை யாரும் பார்ப்பதில்லை. ஓடையின் ஒலிதான் ஒரே சேதி. தடை வருவதற்கு முன் மேலே போய் உட்கார்ந்த கடைசிக் காவலர் தாமே என்றார். இதை என்னால் சரிபார்க்க இயலவில்லை. அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

அந்த ஓடையின் ஒலியை நான் கேட்டிருக்கிறேன். கேம்ப் முழுவதும் கேட்டிருக்கிறது. கடிதம் எழுதத் தெரியாத வீடுகளிலிருந்து அந்நாளில் ஒலிநாடாக்கள் வரும். அவர் மனைவி பேசி முடித்தபின், பதிவுக் கருவியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார் போலும். நாடாவின் எஞ்சிய பகுதி முழுவதும் நீர் ஓடும் ஓசை. நடுவில் ஒரு சிறுமியின் இருமல், ஆட்டின் கழுத்துமணி. நண்பகலில் லாரியின் நிழலில் படுத்து அவர் அதைப் போட்டுக் கேட்பார். தண்ணீர் கொண்டுவரும் லாரிக்கு அடியில் தண்ணீரின் சத்தத்தைக் கேட்கும் மனிதரைப் பார்த்து, "பாய், சம்சாரம் ஒண்ணுமே பேசமாட்டாகளா? வெறும் கொழாச் சத்தத்தையா அனுப்புறாக?" என்று கேம்ப் பாஸ் கேட்பார். கேம்ப்பை நடத்தும் பொறுப்பிலிருந்த அவர் இராமநாதபுரத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கேலி செய்யாமல் யாரோடும் பேசத் தெரியாதவர்.

ஓர் ஆடி மாதத்தில் வந்த நாடாவில் அந்த ஓசை இல்லை. ஓட்டுநர் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். மனைவி பேசும் பகுதியை ஓட்டிவிட்டு, கருவியை என் காதோடு சேர்த்துப் பிடித்தார். "கேளுங்க மாஸ்டர்." நாடா சுழலும் இரைச்சல் கேட்டது. ஆட்டுமணி கேட்டது. "ஆவாஸ் மாஃபி. பாத்தீங்களா? சத்தம் இல்ல. பானி நின்னுபோச்சு. வெயில் காலம் மாஸ்டர், இப்ப நிக்கக்கூடாது." தம்முடைய வீடும் தம்பியின் வீடும் ஓடைக்கரையின் தாழ்ந்த மேட்டில் இருப்பதாகச் சொன்னார். பெண்கள் மேலே போய்விட வேண்டுமென்கிறார்கள். தம்பியோ ஓடை வற்றியது நல்லதென்று கரைக் கற்களில் சர்க்கரைப் பாதாமி எனும் ஆப்ரிகாட் பழங்களைக் காயப்போட்டிருக்கிறான். அவன் பெண்பேச்சுக் கேட்கமாட்டான், தாம் போய்ச் சொன்னால் கேட்பான் என்றார். "என் ரெண்டு பொண்ணு அங்க இருக்கு மாஸ்டர். பதினஞ்சு நாள் போதும்." நான் கருவியை அவரிடம் திருப்பிக் கொடுத்து, "நாடா பழுதாகியிருக்கும்" என்றேன். ஆட்டுமணி தெளிவாகக் கேட்ட நாடா அது.

விடுப்பு எளிதன்று. எங்கள் கடவுச்சீட்டுகள், விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் பெட்டகத்தில் இருந்தன. அவர் கோடைக்கு வெளிநாடு போயிருந்தார். அவர் கையொப்பமின்றி வேலையை விட்டும் போக முடியாது. அவசர விடுப்பு ஒன்றுக்கு மட்டும் கேம்ப் பாஸின் பரிந்துரையும் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலும் போதும். எங்கள் பிரிவிலிருந்து ஒரே நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்ற விதியும் இருந்தது. கஃபீல் புறப்படுமுன்பே ஒப்புதல் பெற்று, அந்த ஆவணியில் போகவிருந்தவன் நான். எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, பத்திரிகையும் அடித்தாயிற்று. அவருக்கு விடுப்புக் கிடைத்தால் என்னுடையது தள்ளிப்போகும். இது ஊகமன்று, இரு படிவங்களின் நாள்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

கேம்ப் பாஸிடம் அவர் கேட்டபோது நான் அங்கிருந்தேன். "என்ன பாய், ஆத்துல தண்ணி நின்னுபோச்சுன்னா லீவு கேக்குறீக? எங்க வைகையில வருசத்துக்குப் பத்து மாசம் மணலுதான் ஓடுது. அப்ப நான் இங்க வந்தே இருக்கக்கூடாதே!" என்றார் அவர். வற்றிய ஆறுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது நல்ல நகைச்சுவை. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்குச் செய்தி. நின்றால் அது வழக்கம். ஓட்டுநர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை காட்டறேன் பாஸ்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் முற்றத்து மணலை மண்வாரியால் கூட்டி ஒரு பள்ளத்தாக்கு செய்தார். நீர் உறிஞ்சப்படாதிருக்கச் சிமெண்டுப் பைகளைக் கிழித்து அடியில் பரப்பினார். குடிநீர்ப் பீப்பாய்க்கு வந்த பனிக்கட்டியில் பாதியை வாங்கிக் குறுக்கே வைத்து, விளிம்புகளை மணலால் அடைத்தார். கீழே மூன்று தீப்பெட்டிகள். "இது என் வீடு. இது பாயி, தம்பி வீடு. இது மஸ்ஜித்." பிறகு லாரியின் குழாயிலிருந்து பனிக்கட்டிக்குப் பின்னால் மெல்ல நீர்விட்டார். ஐம்பது பேர் வேடிக்கை பார்த்தோம். நீர் ஏறியது, பனிக்கட்டி அசையவில்லை, கீழே மணல் காய்ந்து கிடந்தது. "பாய், இண்டர்வெல் எப்ப?" என்றான் ஒருவன். பிறகு மிகச் சிறிய ஓர் ஒலி. பனிக்கட்டி ஒரு பக்கம் எழும்பியது. அடுத்த கணம் அதன் அடிவழியாக நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலில் இறங்கித் தீப்பெட்டிகளைக் கழிவுநீர்க் கால்வாய்வரை அடித்துக்கொண்டு போயிற்று. கூட்டம் விசிலடித்தது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" ஓட்டுநர் கால்வாயில் கைவிட்டு மூன்று தீப்பெட்டிகளையும் தேடி எடுத்தார். மறுபடி செய்து காட்டவில்லை.

கேம்ப் பாஸ் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. "மாஸ்டர், நீங்க படிச்சவுக. நெசமா இது? அங்க இப்பிடி ஆகுமா?" என்று என்னைக் கேட்டார். அதுவரை விளையாட்டாக இருந்தது அந்தக் கேள்வியோடு முடிந்தது. என் ஒரு சொல்லில் அவர் பரிந்துரைத்திருப்பார். நான் கல்லூரியில் எழுதிய விடையைச் சொன்னேன்: பனிமலை ஆறுகள் கோடையில் பனி உருகுவதால் பெருகும். கோடையில் ஓர் ஓடை நின்றதென்றால் அவ்வாண்டு பனி சரியாக உருகவில்லை என்று பொருள். உருகாத பனியால் ஆபத்தில்லை. இங்கே பனிக்கட்டி எழும்பியது முசஃபாவின் வெயிலால். ஒவ்வொரு வாக்கியமும் ஒழுங்காக அமைந்திருந்தது; ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது. கண்முன் பார்த்ததை விட்டுப் பாடத்தில் இருந்ததைச் சொன்னேன். கேம்ப் பாஸ் மீண்டும் உட்கார்ந்தார். "பாத்தீகளா பாய்? மாஸ்டரே சொல்லிட்டாக. சரி, கேட்டதுக்கு ஃபாரம் எழுதி அனுப்புவோம். மேல பாத்துக்கட்டும்."

அறைக்குத் திரும்பியதும் தட்டச்சர் என்னோடு சண்டை பிடித்தார். அவர் வீட்டிலிருந்து மாதக்கணக்காகக் கடிதம் வராத காலம் அது. "ஓய், உமக்கு என்ன தெரியும் அந்தாளின்ர ஊரைப் பற்றி? வீட்டில இருக்கிற மனுசி பயந்துபோய் சொல்லியிருக்கிறா. அது காணாதே? நீர் என்ன, அங்க போய் அளந்து பாத்தனீரோ?" நான், உணர்ச்சி வேறு உண்மை வேறு என்றேன். "உம்மட கலியாணமும் வேற எண்டு சொல்லும் பாப்பம்" என்றார். நான் விளக்கை அணைத்தேன்.

மறுநாள் காலை படிவத்தை நிரப்பியவன் நான். கேம்ப்பில் எல்லாப் படிவங்களையும் நானே நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில், ஆங்கிலத்தில், "சொந்த ஊரில் தண்ணீர்ப் பற்றாக்குறை" என்று எழுதினேன். ஊர் என்ற கட்டத்தில் இடம் போதாமல், இரண்டு நாள் நடைத் தொலைவில் அஞ்சல் நிலையம் இருந்த நகரத்தின் பெயரை மட்டும் எழுதினேன். அதன் கீழே, "மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, புரிந்துகொண்டேன்" என்று அச்சிட்ட வரி. அங்கே அவர் கையொப்பமிட்டார். என் கையைப் பற்றி, "ஷுக்ரியா மாஸ்டர்" என்றார். நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது. குறுக்கே ஒரு சொல்: இல்லை. அலுவலகத்தில் அதைப் பார்த்தவர் சிரித்தாராம். தண்ணீர் லாரி ஓட்டுபவனுக்கு ஊரில் தண்ணீர் இல்லையாம் என்றாராம். இதைக் கேம்ப் பாஸ் மூன்று நாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். யாருடைய நகைச்சுவை அது என்று நான் சொல்லவில்லை.

நான் ஊருக்குப் போனேன். திருமணம் நடந்தது. அந்த முப்பது நாள்களில் அவரை ஒரு முறையேனும் நினைத்தேனா என்றால், நினைத்ததற்கு என்னிடம் சான்று இல்லை. திரும்பியபோது லாரி வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. நான் கொண்டுவந்த அதிரசத்தில் ஒன்றை ஓட்டுநர் எடுத்துக்கொண்டு, "வீட்ல எல்லாம் நல்லா, மாஸ்டர்?" என்று கேட்டார். அவர் வீட்டைப் பற்றி நான் திருப்பிக் கேட்கவில்லை. நான் இல்லாத நாள்களில் ஓட்டுநரின் ஊரிலிருந்து நாடா எதுவும் வரவில்லையென்று தட்டச்சர் பிறகு சொன்னார்.

அந்த வாரமே நாடா வந்தது. ஓட்டுநர் லாரியின் குழாயைக் கேம்ப் தொட்டிக்குள் விட்டு, நீரைத் திறந்துவிட்டு, லாரியின் முன்னறையில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். அந்த வெயிலில் ஒருவரும் கண்ணாடியை ஏற்றுவதில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. நீர் முற்றத்தைக் கடந்து சமையலறைப் படிவரை வந்தது. "பாய்! யோவ் பாய்! தண்ணி!" என்று சமையற்காரர் கத்தினார். ஓட்டுநர் இறங்கவில்லை. கேம்ப் பாஸ் தாமே போய் அடைப்பைத் திருகினார். கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் நாடாவைத் திருப்பி வைத்து மீண்டும் கேட்பதை நான் பார்த்தேன். அதில் பேசியது ஆணா பெண்ணா என்றுகூட வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருடைய மலைமொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தட்டச்சர் அருகே போய் என்னவென்று கேட்டார். ஓட்டுநர் நாடாவை மறுபடியும் தொடக்கத்துக்கு ஓட்டினார்.

கஃபீல் திரும்பிவிட்டிருந்தார். மறுநாள் ஓட்டுநர் நேர அலுவலகத்துக்கு வந்து, வேலையை முடித்துக்கொள்ளும் படிவம் வேண்டுமென்றார். நான் எழுதத் தொடங்கினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, "அங்க ஒண்ணும் எழுதாதீங்க மாஸ்டர்" என்றார். எழுதாமல் விட்டேன். கையொப்பத்துக்காகத் தாளைத் திருப்பி நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அடுத்த மேசையிலிருந்த தட்டச்சரிடம் போனார். "நீ படி பாய். எல்லாம் படி." தட்டச்சர் மேலிருந்து கீழே ஒவ்வொரு சொல்லாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தமக்குத் தெரிந்த இந்தியில் பொருள் சொன்னார். அது முடிய நெடுநேரம் ஆயிற்று. ஓட்டுநர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றுக் கட்டத்தைத் தட்டச்சர் விரலால் தொட்டுக் காட்டி, "இதில ஒண்டும் இல்லை" என்ற பிறகே கையொப்பமிட்டார். என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்த வசைகளில் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பகுதியின் பெரிய அளவைப் படங்களை இப்போது நான் வாங்கி வைத்திருக்கிறேன். கணினித் திரையில் வானிலிருந்து எடுத்த படங்களையும் பார்க்கிறேன். சிவப்புக் கோடு மெலிந்துவிட்டது. அதன் ஓரத்தில் பனியாறுகள் குறுக்கிட்டுப் படுத்திருக்கும் பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. சிலவற்றின் பின்னால் நீர் தெரிகிறது. எது அவருடையது என்று சொல்ல இந்தத் தாளில் ஊர்ப்பெயர் இல்லை, நான் எழுதவில்லை. கோடையில் பனிச்சுவரின் அடிவழி அடைபட்டு ஓடை வற்றுவதும், பின் சுவர் தூக்கப்படுவதும் அத்துறை நூல்களில் உள்ள செய்தி. அன்று முற்றத்தில் ஓட்டுநர் செய்து காட்டியதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை.

அந்த ஏரி அவ்வாண்டு உடைந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவர் மனைவியும் இரு மகள்களும் மேலே ஏறினார்களா என்பது தெரியாது. நாடாவில் பேசியவர் யார் என்பது தெரியாது. இளஞ்சிவப்புத் தாளில், அச்சிட்ட அந்த வரிக்குக் கீழே, அவர் கையொப்பம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அதை இடுமுன், காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேனா என்பதும் தெரியாது.